யாருக்குத் தெரியாமல் பார்க்கிறோம்?

இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி வசதி 2016 ஆகஸ்டில் வந்தது. போட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் போட்டவருக்கு மட்டும் தெரியும். ஸ்னாப்சாட் 2013-லேயே கொண்டுவந்த ஏற்பாடுதான் இது. சாதாரணப் பதிவுகளுக்கு இப்படியொரு பட்டியல் கிடையாது. ஒருவருடைய பழைய படங்களை இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தாலும், கைதவறி லைக் விழாதவரை அவருக்குத் தெரியப்போவதில்லை. ஸ்டோரியை ஒரு நொடி தொட்டாலோ பெயர் ஏறிவிடும். பிரிந்துபோன காதலர், பேச்சு நின்றுபோன உறவினர், போட்டிக் கடைக்காரர், வரன் விசாரிக்கும் குடும்பம், செய்தி சேகரிக்கும் நிருபர் எனப் பலருக்கும் அந்தப் பட்டியலில் தன் பெயர் வரக்கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. அதை நம்பி ஒரு சந்தையே வளர்ந்துவிட்டது. 'லாகின் வேண்டாம், இலவசம், முழு ரகசியம்' என்று அழைக்கும் இணையதளங்கள், 'பிரைவேட் அக்கவுண்டையும் திறந்து காட்டுவோம்' என்று சொல்லும் இணையதளங்கள், 'உங்கள் புரொஃபைலை யார் பார்த்தார்கள்' என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகள் என்று அது பல வடிவங்களில் கிடைக்கிறது.

இவை பாதுகாப்பானவையா என்று கேட்பவர்களுக்கு 'நல்ல தளமாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் போதாது. தளம் நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்கு முன்னால், அது எந்த வழியாக உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்துவருகிறது என்று கேட்க வேண்டும். வழி தெரிந்தால், அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பொது அக்கவுண்டுகளைப் பொறுத்தவரை, தெரியாமல் பார்ப்பது தொழில்நுட்பரீதியாக நடக்கக்கூடியதுதான். நம் போனில் ஒரு ஸ்டோரியைத் திறக்கும்போது இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடக்கின்றன. முதலில் செயலி, சர்வரிடமிருந்து படத்தையோ வீடியோவையோ வாங்கிக்கொள்கிறது. பிறகு, 'இன்ன பயனர் இதைப் பார்த்துவிட்டார்' என்று வேறொரு தகவலைச் சர்வருக்கு அனுப்புகிறது. பட்டியலில் பெயர் ஏறுவது இந்த இரண்டாவது தகவலால். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுப் பார்த்தால் பெயர் வராது என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லும் உத்திக்கும் இதுவே அடிப்படை. படம் முன்கூட்டியே போனுக்குள் இறங்கியிருக்கும், பார்த்த செய்தி மட்டும் வெளியே போகாமல் நிற்கும். நெட் திரும்பியதும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு என்பதால் அந்த உத்தியை நம்பியிருக்க முடியாது.

ரகசியமாகப் பார்க்க உதவும் தளங்கள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. லாகின் செய்யாத யாருக்கும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைத் தருவதில்லை. ஆகவே 'லாகின் வேண்டாம்' என்று சொல்லும் தளத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய லாகின் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது, தளத்தை நடத்துபவர் மொத்தமாகத் திறந்தோ விலைக்கு வாங்கியோ வைத்திருக்கும் போலி அக்கவுண்டுகளின் கூட்டம். நாம் ஒரு பெயரைத் தட்டியதும் அவற்றில் ஒன்று போய்ப் படத்தை எடுத்துத் தருகிறது, பார்த்த தகவலை அனுப்பாமல் விட்டுவிடுகிறது.

இந்தத் தளங்களின் நம்பகத்தன்மை ஆட்டம் காண்பதற்கும் இதுவே காரணம். இன்ஸ்டாகிராம் போலி அக்கவுண்டுகளைக் கண்டுபிடித்து முடக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கூட்டம் முடங்கினால் அடுத்த கூட்டம் தயாராகும்வரை தளம் தடுமாறும். அப்போது அது பழைய பிரதியைக் காட்டலாம், பாதியைக் காட்டலாம், 'இந்தப் பயனர் ஸ்டோரி எதுவும் போடவில்லை' என்றும் சொல்லலாம். அவர் நிஜமாகவே போடவில்லையா, தளத்தால் எடுக்க முடியவில்லையா என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. 'குளோஸ் ஃபிரெண்ட்ஸ்' வட்டத்துக்கு மட்டும் போட்ட ஸ்டோரிகள் இந்தப் போலி அக்கவுண்டுகளுக்கு வரவே வராது. இப்படிக் கிடைத்த அரைகுறைக் காட்சியை வைத்து ஒரு பெண்ணின் குணத்தைப் பற்றியோ ஒரு பையனின் சகவாசத்தைப் பற்றியோ குடும்பங்கள் முடிவெடுப்பது எனக்குக் கவலை தருகிறது.

பிரைவேட் அக்கவுண்ட் விஷயம் வேறு. படத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அங்கே சர்வரிலேயே எடுக்கப்படுகிறது. கேட்பவர், அந்த அக்கவுண்டின் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்ட ஃபாலோயராக இல்லாவிட்டால் சர்வர் படத்தை வெளியே விடுவதே இல்லை. வெளியே வராததை எந்தத் தளமும் காட்ட முடியாது. ஆனாலும் காட்டுவதாகச் சொல்லும் தளங்களுக்குப் பஞ்சமில்லை, அவை செய்யும் ஏமாற்று ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. பெயரைத் தட்டுகிறோம். அந்த அக்கவுண்டின் புரொஃபைல் படமும் ஃபாலோயர் எண்ணிக்கையும் வந்து நிற்கின்றன. அவை எல்லாருக்கும் தெரியக்கூடிய விவரங்கள்தான், ஆனால் 'ஆள் கிடைத்துவிட்டார்' என்ற நம்பிக்கையைப் பார்ப்பவர் மனத்தில் ஊன்ற அவை போதும். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்கிறது. 'சர்வரோடு இணைகிறோம்', 'படங்கள் கிடைத்துவிட்டன' என்று வரிகள் ஓடுகின்றன. கீழே மங்கலாக்கப்பட்ட கட்டங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய தோள் போல, கடற்கரை போலத் தெரியும். அடுத்து, 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு பெட்டி. கருத்துக்கணிப்பு ஒன்றை நிரப்ப வேண்டும், அல்லது ஒரு கேமை இறக்க வேண்டும், அல்லது மொபைல் எண்ணைத் தர வேண்டும், அல்லது நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி தர வேண்டும். நாம் முடிக்கும் ஒவ்வொரு படிக்கும் விளம்பர நிறுவனம் தளத்துக்குக் கமிஷன் தருகிறது. எல்லாம் முடிந்ததும் இன்னொரு படி வரும். அந்த வியாபாரம் அங்கேயே முழுமையடைந்துவிடுகிறது. மங்கல் நீங்கிப் படம் தெரியும் கட்டம் வருவதே இல்லை.

நிஜமாகவே இப்படியொரு ஓட்டை இருந்தால் அதன் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2021-ல் மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரைச் சேர்ந்த மயூர் ஃபர்தடே என்ற இளைஞர், ஒரு பதிவின் அடையாள எண் தெரிந்தால் போதும், ஃபாலோ செய்யாமலே பிரைவேட் அக்கவுண்டின் பதிவுகளையும் ஸ்டோரிகளையும் பார்க்க முடிகிறது என்பதைக் கண்டுபிடித்து, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். அவர்கள் ஓட்டையை அடைத்துவிட்டு அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தார்கள். அன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். அவ்வளவு விலை போகும் ஒன்றை, முகம் தெரியாத ஒருவர் இணையதளத்தில் திறந்துவைத்து எல்லாருக்கும் இலவசமாகத் தந்துகொண்டிருப்பார் என்று நம்ப இடமே இல்லை.

பிரைவேட் அக்கவுண்டுகளை மெய்யாகவே காட்டிய ஒரு செயலியும் இருந்தது. அதன் கதை மோசடித் தளங்களின் கதையைவிடக் கலக்கம் தருவது. 2019-ல் கூகுள் பிளே ஸ்டோரில் 'கோஸ்டி' என்ற செயலி வந்தது. அதைப் பயன்படுத்த நம்முடைய இன்ஸ்டாகிராம் லாகினைக் கொடுக்க வேண்டும், வேறு ஆட்களையும் அழைத்துவர வேண்டும். கொடுத்ததும், நாம் ஃபாலோ செய்யும் எல்லாப் பிரைவேட் அக்கவுண்டுகளும் அந்தச் செயலியின் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்துவிடும். அதன் பயனர் எவரும் அவற்றைப் பார்க்கலாம். பதிலுக்கு, மற்றவர்கள் ஃபாலோ செய்யும் பிரைவேட் அக்கவுண்டுகளை நாம் பார்க்கலாம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை இறக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆண்ட்ராய்ட் போலீஸ் என்ற இதழ் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு, இன்ஸ்டாகிராம் அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது, செயலி பிளே ஸ்டோரிலிருந்து மறைந்தது.

இங்கே எந்தக் கணினியும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் தன் அக்கவுண்டைப் பிரைவேட்டாக வைத்திருக்கிறாள், தெரிந்த அறுபது பேரை மட்டும் சேர்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபதில் ஒருவர், வேறு யாரையோ பார்க்கும் ஆசையில் இந்தச் செயலியைப் போட்டார். அந்த நொடியில் அவள் படங்கள் முன்பின் தெரியாத லட்சக்கணக்கானோர் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. அவருக்கு இவள்மேல் பகை எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. தான் கொடுத்தது தன் சாவியை மட்டும் அல்ல, தன்னை நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள் எல்லாருடைய சாவியையும்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே மாட்டாது. 'என் அக்கவுண்ட், என் ரிஸ்க்' என்று பேசுபவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

லாகினைக் கேட்கும் செயலிகளின் வரலாறு நீளமானது. 2015 நவம்பரில் 'இன்ஸ்டாஏஜென்ட்' என்ற செயலி பிரிட்டனிலும் கனடாவிலும் இலவசச் செயலிகளின் வரிசையில் முதலிடத்துக்குப் போயிருந்தது. புரொஃபைலைப் பார்த்தவர் யார் என்று காட்டுவதாக அது சொன்னது. பயனர்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது மறையாக்கம்கூடச் செய்யாமல் தனக்குச் சொந்தமான சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை டெவலப்பர் ஒருவர் கண்டுபிடித்தார். ஆப்பிளும் கூகுளும் அதை நீக்கின. சில மாதங்களில் அதை எழுதியவரின் அதே மாதிரிச் செயலிகள் வேறு பெயரில் திரும்ப வந்தன. 2017-ல் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிளே ஸ்டோரில் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் திருடும் 13 செயலிகளைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் சேர்ந்து 15 லட்சம் வரை இறக்கப்பட்டிருந்தன. 2022 அக்டோபரில், மெட்டா எனப் பெயர் மாறியிருந்த ஃபேஸ்புக் நிறுவனமே, ஃபேஸ்புக் லாகினைத் திருடும் 400-க்கும் மேற்பட்ட செயலிகளைக் கண்டதாகச் சொல்லி, சுமார் 10 லட்சம் பயனர்களை எச்சரித்தது. புரொஃபைலைப் பார்த்தவர் யார் என்ற தகவலை இன்ஸ்டாகிராம் எந்த வெளிச் செயலிக்கும் தருவதில்லை. ஆகவே அந்தச் செயலிகள் காட்டும் பட்டியல், லைக் போட்டவர்களையும் ஃபாலோயர்களையும் கலைத்துப் போட்டு அடுக்கியதாகவோ வெறும் கற்பனையாகவோதான் இருக்க முடியும்.

நடத்துபவர் திருடராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபாலோயர்களைப் பெருக்கித் தருவதாகச் சொன்ன 'சோஷியல் கேப்டன்' என்ற நிறுவனம் பயனர்களின் இன்ஸ்டாகிராம் கடவுச்சொற்களை அப்படியே எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. இணையப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தாலே அவை தெரிந்தன. 2020 ஜனவரியில் டெக்கிரஞ்ச் என்ற செய்தித் தளம் அதை வெளியிட்டது. கெட்ட எண்ணம் இல்லாத அலட்சியமும் அதே சேதத்தைச் செய்துவிடும்.

கடவுச்சொல்லையே கேட்காத பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைப் பலர் சாதுவானவை என்று நினைக்கிறார்கள். 'நானோ ஆட்பிளாக்கர்' என்ற விளம்பரத் தடுப்பான் நல்ல பெயரோடு இருந்த ஒன்று. 2020 அக்டோபரில் அதை உருவாக்கியவர் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். புதிய உரிமையாளர்கள் அனுப்பிய அப்டேட்டுக்குப் பிறகு, பயனர்களின் இன்ஸ்டாகிராம் அக்கவுண்டுகள் முன்பின் தெரியாதவர்களின் படங்களுக்கு வரிசையாக லைக் போடத் தொடங்கின. பிரவுசரில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஓடிபி, இரட்டைப் பாதுகாப்பு எதுவும் அங்கே குறுக்கே வராது, ஏனென்றால் அவை எல்லாம் வாசலில் நுழையும்போது கேட்கப்படுபவை. ஸ்டோரியை ரகசியமாகப் பார்க்க உதவும் எக்ஸ்டென்ஷன்களுக்கும் இதே வகை அனுமதிதான் தேவைப்படுகிறது. இன்று நேர்மையாக இருப்பது நாளை யார் கைக்குப் போகும் என்று பயனருக்குத் தெரிய வழியில்லை.

நம்மூரில் இதன் பரிச்சயமான வடிவம் ஜிபி வாட்ஸ்அப். ஸ்டேட்டஸைத் தெரியாமல் பார்க்கலாம், ப்ளூ டிக்கை மறைக்கலாம், அழித்த செய்தியைப் படிக்கலாம் என்று சொல்லிக் கைமாறும் ஏபிகே ஃபைல். இதே ரகத்தைச் சேர்ந்த எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பில் ட்ரியாடா என்ற டிரோஜன் இருந்ததை 2021-லும், யோ வாட்ஸ்அப் பயனர்களின் அக்கவுண்ட் சாவிகளைத் திருடியதை 2022-லும் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. ஸ்டேட்டஸைத் தெரியாமல் பார்ப்பதற்கு அசல் வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. ரீட் ரிசீப்டை அணைத்துவிட்டால் நம் பெயர் யாருடைய பட்டியலிலும் வராது. பதிலுக்கு நம் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. லிங்க்ட்இனும் இலவசப் பயனர்களுக்கு இதே நிபந்தனையை வைத்திருக்கிறது. மறைந்து பார்க்க விரும்புபவர், தன்னைப் பார்ப்பவரை அறியும் வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும். இது எனக்கு நியாயமான ஏற்பாடாகவே படுகிறது. வெளிச் செயலிகள் விற்பது இந்தச் சமநிலை இல்லாத ஒருதலைப் பார்வையை.

கடவுச்சொல் எதையும் கேட்காத, வெறும் பெயரை மட்டும் தட்டச் சொல்லும் தளத்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு 2006-ல் நடந்த ஒன்றைப் பதிலாகச் சொல்லலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், சுமார் 6.5 லட்சம் பயனர்களின் ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். 4417749 என்ற எண்ணின் தேடல்களில் இருந்த ஊர்ப்பெயரையும் குடும்பப் பெயரையும் பிடித்துக்கொண்டு போன நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், சில நாட்களிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு 62 வயதுப் பெண்மணியின் வீட்டு வாசலில் நின்றார்கள். தேடியதே தேடியவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ரகசியப் பார்வைத் தளத்தில் ஒருவர் என்ன தட்டுகிறார்? பழைய காதலியின் பெயர், அவள் இப்போது பழகும் நண்பனின் பெயர், தன் அக்காவின் பெயர், தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் சொந்தப் பெயர். இவற்றை ஐபி முகவரியோடும், பிரவுசரின் அடையாளங்களோடும், விளம்பரக் குக்கிகளோடும் சேர்த்து வைத்தால், தட்டியவர் யார் என்று ஊகிப்பது ஏஓஎல் கணக்கைவிடச் சுலபம். இன்காக்னிட்டோ ஜன்னல் ஐபி முகவரியை மறைக்காது. ஸ்டோரி போட்டவருக்குத் தெரியாமல் பார்த்த அதே செயல், எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாத ஒருவருடைய சர்வரில் நாள், நேரத்தோடு பதிவாகக்கூடும். நம் பெயரைப் பார்த்துவிட்டு மிஞ்சிப்போனால் புருவத்தை உயர்த்தியிருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து மறைந்து, அதை விற்கவோ மிரட்டப் பயன்படுத்தவோ கூடிய ஒருவரிடம் போய் நிற்கிறோம். அவர் அப்படிச் செய்வார் என்று சொல்ல வரவில்லை. செய்தால் தடுக்க எந்த முகவரியும் ஒப்பந்தமும் நம் கையில் இல்லை.

நேர்மையான கருவிகளும் உண்டு. ட்விட்டரை அக்கவுண்ட் இல்லாமல், விளம்பரமும் கண்காணிப்பும் இல்லாமல் படிக்க உதவிய நிட்டர் அவற்றில் ஒன்று. அதன் நிரல் எவரும் படித்துச் சோதிக்கும்படி திறந்திருக்கிறது. பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அதை நம்பினார்கள். 2023 ஜூன் கடைசியில் ட்விட்டர், லாகின் இல்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தியது. நிட்டர் விருந்தினர் அக்கவுண்டுகளைக் கொண்டு சமாளித்தது. 2024 ஜனவரியில் அந்த வழியும் அடைபட, திட்டம் முடிந்துவிட்டதாக அதை உருவாக்கியவரே அறிவித்தார். பிறகு நிஜ அக்கவுண்டுகளின் துணையோடு மீண்டது. இன்ஸ்டாகிராமுக்காக இதே நோக்கத்தில் நடந்த பிப்ளியோகிராம் 2022-ல் கைவிடப்பட்டது. நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேலே இருக்கும் நிறுவனம் வழியை அடைத்தால் கருவி அன்றோடு நின்றுவிடும். நாணயமும் நம்பகமும் இங்கே தனித்தனி விஷயங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் பார்ப்பவருடைய பாதுகாப்பு. பார்க்கப்படுபவரைப் பற்றி இந்தக் கருவிகளைப் பற்றிய பேச்சில் யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ஒரு பெண் தன்னைத் தொந்தரவு செய்யும் ஒருவனை பிளாக் செய்கிறாள். அவள் அக்கவுண்ட் பொதுவாக இருந்தால், அவன் இந்தத் தளங்களில் ஒன்றைத் திறந்து அவள் பெயரைத் தட்டினால் போதும், அவள் இப்போது எந்த ஹோட்டலில், யாரோடு இருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். பிளாக் என்ற ஆயுதம் மழுங்கிவிடுகிறது, மழுங்கியது அவளுக்குத் தெரிவதும் இல்லை. 24 மணி நேரத்தில் மறையும் என்று நம்பிப் போட்ட படம் தளத்தின் சேமிப்பில் தங்கிவிடக்கூடும். இது வெறும் அச்சம் அல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அக்கவுண்டுகளின் படங்களை எடுத்து நகல் தளங்கள் நடத்தியதாக துருக்கியைச் சேர்ந்த ஒருவர்மீது ஃபேஸ்புக் 2020-ல் வழக்குத் தொடுத்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அக்கவுண்டுகளைச் சுரண்டி எடுத்ததாக அதே நாட்டைச் சேர்ந்த இன்னொருவர்மீது மெட்டா 2022-ல் வழக்குத் தொடுத்தது. தன் படம் அங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அதை நீக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதைப் பின்தொடரல் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை, மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013-ல் சேர்க்கப்பட்ட 354டி பிரிவின் தொடர்ச்சி இது. எந்தக் கருவி வழியாகப் பார்த்தாலும் அந்தக் குற்றத்தின் தன்மை மாறாது. ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுகளுக்குத் தான் பொருந்தாது என்று 3-ஆவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. 24 மணி நேரத்துக்கு மட்டும் என்று போட்ட ஸ்டோரி, என்றென்றைக்குமாகப் பொதுவில் வைத்த தரவு ஆகிவிடுமா என்ற கேள்வியை அந்தச் சட்டம் எழுப்பிக்கொள்ளவே இல்லை. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் மெட்டாவுக்கும், இணையத்திலிருந்து தரவைத் திரட்டி விற்கும் பிரைட் டேட்டா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி எட்வர்ட் சென், லாகின் செய்யாமல் பொதுத் தரவை எடுப்பதை மெட்டாவின் விதிமுறைகள் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். ஸ்டோரிக்கு லாகின் இல்லாமல் வழியில்லை என்பதால் ரகசியப் பார்வைத் தளங்கள் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது.

மறைந்து பார்க்கும் தேவை சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. அடித்த கணவனைவிட்டு வந்த ஒருத்தி, அவன் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறான், எந்த ஊரில் இருக்கிறான் என்று பார்த்துக்கொள்வது தற்காப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு, தன் பெயரோ பழைய எண்ணோ தொடர்போ இல்லாத இரண்டாவது அக்கவுண்ட் இந்தத் தளங்களைவிட மேல். பட்டியலில் ஒரு பெயர் ஏறும், ஆனால் அது யார் என்று அவனுக்குத் தெரியாது, மூன்றாவது ஆள் ஒருவர் கையில் அவளுடைய தேடல் கணக்கு போய்ச் சேராது. மிரட்டல் ஏதும் கண்ணில் பட்டால் இன்ஸ்டாகிராமிலேயே, முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது என்று சொல்ல முடியாத நகல் தளத்தின் படத்துக்கு அப்படியொரு சான்றிதழைப் பெறுவது கடினம்.

ஏற்கெனவே லாகினைக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, செட்டிங்ஸில் எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். அதே கடவுச்சொல்லை ஜிமெயிலிலோ வேறு இடத்திலோ வைத்திருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். பிரவுசரில் போட்ட எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, அனுமதி பெற்ற வெளிச் செயலிகளின் பட்டியலையும் காலி செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும். மிரட்டல் வந்திருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் தர முடியும்.